பேன்ட் பாக்கெட்டிலேயே திறக்கும் மடக்குக் கத்தி

இப்படி ஒரு நாள் வரும் என்று நான் போன மாதமே சொன்னேன்.

கேட்டவர்கள் மூன்று பேர். சிரித்தவர்களும் அதே மூன்று பேர்தான்.

வெள்ளிக்கிழமை காலை இங்கே புனேயில், போபோடி சிக்னலில் நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதலில் என் கத்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

சாதாரண மடக்குக் கத்தி. கட்கி பஜாரில் வாங்கியது. பழம் நறுக்க, பார்சல் கயிறு அறுக்க. ஒரே குறை, திறக்க இரண்டு கை வேண்டும். நகத்தை விட்டு இழுத்தால் நகம் வரும், கத்தி வராது.

முப்பத்தைந்து வருஷம் ஃபேக்டரியில் லேத் ஓட்டியவன் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேனா? (படிப்பு ஒன்பதாவது. பிராக்டிகலில் டாக்டர் பட்டம்.)

முதலில், கட்டைவிரலால் தள்ளுவதற்காக அலகில் ஒரு சின்ன ஸ்க்ரூவை ஒட்டினேன். இரண்டாம் நாள் ஸ்க்ரூவைக் காணோம். கொய்யாத் துண்டில் இருந்தது. (பல் தப்பித்தது.)

அடுத்து ரப்பர் பேண்ட். இழுத்துக் கட்டியதும் கத்தி பிரமாதமாகத் திறந்தது. அதே வேகத்தில் மூடவும் செய்தது. கட்டைவிரலில் நாலு தையல். (சரி, ஒரு பிளாஸ்திரி.)

மூன்றாவதுதான் வெற்றி. அலகின் முதுகுப் பக்கம் ஒரு துளை உண்டு. வயர்களைச் சேர்த்துக் கட்டும் பிளாஸ்டிக் கேபிள் டை ஒன்றை அதில் கோத்து இறுக்கி, வாலை நறுக்கிவிட்டேன். கடலைப்பருப்பு அளவுக்கு ஒரு முடிச்சு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். பாக்கெட்டிலிருந்து கத்தியை இழுத்தால் அந்த முடிச்சு பாக்கெட் ஓரத்தில் மாட்டும். கத்தி வெளியே வரும்போதே விரிந்துகொண்டு வரும். ஒரு கை போதும்.

என்ன, சில சமயம் பாக்கெட்டும் கூடவே வந்துவிடும்.

மூன்றாவது பேன்ட் கிழிந்த அன்று என் மனைவி பார்வதி (திருநெல்வேலிக்காரி, புனேக்கு வந்து முப்பது வருஷமாகியும் பேச்சு மாறாதவள்) கேட்டாள்:

“ஒரு கத்தியத் தொறக்கதுக்கு எத்தன பேன்ட்டக் கிழிப்பிய?”

ஒரு மாதத்துக்குள் அந்த முடிச்சை அறுத்து எறியாவிட்டால் கத்தியையே குப்பையில் போடுவேன் என்றும் சொல்லிவிட்டாள்.

டீக்கடை நண்பர் ஷிண்டே, “அண்ணா, கிஸ்கோ மார்னே ஜா ரஹே ஹோ?” என்றார். யாரைக் கொல்லக் கிளம்பிவிட்டாய் என்கிறார். பாணேரில் இருக்கும் என் மருமகப் பிள்ளை ஐ.டி. ஆசாமி. “மாமா, இதெல்லாம் நெட்ல எப்பவோ வந்துடுச்சு” என்றார். நெட்டில் போட்டதை நான் போய்ப் பார்த்தேனா?

அப்போதுதான் மூன்று பேரிடமும் சொன்னேன், ஒரு நாள் ஒரு உயிர் இந்தக் கத்தியை நம்பி நிற்கும் என்று.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

காய்கறிப் பைகளோடு நானும் பார்வதியும் ரோடு ஓரம் நின்றிருந்தோம். எங்களுக்கு முன்னால் ஸ்கூட்டியில் ஒரு பெண். புனேயில் பெண்கள் வண்டியை எடுத்தால் முதல் வேலை, துப்பட்டாவை முகம், தலை, கழுத்து என்று சுற்றிப் பின்னால் முடிச்சுப் போடுவதுதான். கண் மட்டும் தெரியும். அந்தப் பெண்ணும் அப்படித்தான். ஆனால் துப்பட்டாவின் ஒரு முனை நீளமாகப் பின்னால் தொங்கியது.

பச்சை விளக்கு விழுந்தது. வண்டி நகர்ந்தது. முனை பின்சக்கரத்துக்குள் போயிற்று.

தலை வெடுக்கென்று பின்னால் இழுபட்டது. வண்டி சாய்ந்தது.

பதினைந்து அடி. ஒரே தாவல். (நேர்மையாகச் சொன்னால் மூன்று.) வண்டி விழுவதற்குள் பிடித்துச் சாவியைத் திருகி அணைத்துவிட்டேன். சக்கரம் நின்றது. ஆனால் துணி தளரவில்லை. கழுத்தில் சுற்றியது சுற்றியபடி இறுகிக் கிடக்கிறது. முடிச்சு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பெண் விரலால் கழுத்தைப் பிறாண்டுகிறாள். சத்தம் வரவில்லை.

பின்னால் நூறு வண்டி ஹாரன். அத்தனை பேர் கையிலும் போன் இருந்தது, கத்தி இல்லை.

இடது கையில் வண்டி. வலது கையைப் பாக்கெட்டில் விட்டேன். ஒரே இழுப்பு. கத்தி விரிந்தபடி வெளியே வந்தது. கழுத்துப் பக்கம் போகாமல், முதுகுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்ற துணியில் வைத்தேன். வைத்ததுதான். அறுந்துவிட்டது.

அந்தப் பெண் இருமினாள். அந்த இருமலைப் போல ஒரு சங்கீதத்தை நான் கேட்டதில்லை.

பிளாட்பாரத்தில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தோம். ஹிஞ்சேவாடி ஐ.டி. பார்க்குக்கு வேலைக்குப் போகிற பெண். பேச்சு வர ஐந்து நிமிஷம் ஆயிற்று. கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு. மற்றபடி ஒன்றுமில்லை.

மறுநாள் ஷிண்டே தன் கத்தியைக் கொண்டுவந்து நீட்டினார், இதற்கும் ஒரு முடிச்சு போட்டுத் தா என்று. மருமகப் பிள்ளையும் போனில், “மாமா, நெட்ல இருக்கறது வேற டிசைன்” என்று ஒப்புக்கொண்டார்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் நேற்று மாலை அந்தப் பெண் இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறந்தது நான். என்னைத் தாண்டி நேராகப் போய்ப் பார்வதியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அதனால் ஒன்றைத் திருத்திவிடுகிறேன்.

வலது கையைப் பாக்கெட்டில் விட்டேன் என்று எழுதினேன் அல்லவா, அது பொய். என் இரண்டு கையும் வண்டியைத் தாங்கிக்கொண்டிருந்தன. விட்டால் அவள் மேலேயே சாயும். “கத்தி, கத்தி” என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது.

பார்வதி பைகளைப் போட்டுவிட்டு ஓடி வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“எந்தப் பாக்கெட்டுல?”

இழுத்தது அவள். அறுத்தது அவள்.

அதுவரை அந்தக் கத்தியைக் கையால் தொட்டதே இல்லை அவள். அவளுக்கே முதல் இழுப்பில் திறந்தது. நண்பர்களே, ஒரு கண்டுபிடிப்புக்கு இதைவிட வேறென்ன சர்ட்டிபிகேட் வேண்டும்?