நிற்காத ரத்தமும் போடாத கையெழுத்தும்

போன ஞாயிறு வில்பட்டியில் ஒரு விசேஷம். சாப்பிட்டுக் கை கழுவப் போன இடத்தில் உறவுக்கார அம்மா ஒருவர் என்னை மறித்தார்.

"இதப் போயி உங்க பத்திரிகையில எழுதிராதீங்க. பொம்பளப்புள்ள சமாச்சாரம்."

எழுதுகிறேன். பொம்பளைப் பிள்ளை சமாச்சாரம் என்பதால்தான் எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவளிடம் அனுமதி கேட்டேன். "தாராளமா எழுதுங்க பெரியம்மா. பேரக்கூட மாத்த வேணாம்" என்றாள். நான்தான் மாற்றியிருக்கிறேன். கோமதி என்று வைத்துக்கொள்வோம்.

கோமதி என் தங்கை மகள். பள்ளங்கியில் பிறந்து வில்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள். கணவன் முருகேசனுக்குப் பூண்டும் கேரட்டும் போடுகிற நிலம். இவளுக்குக் கொடைக்கானலில் ஒரு ஓட்டலில் ரிசப்ஷன் வேலை. வருகிற டூரிஸ்டுக்கெல்லாம் சிரித்த முகம். ஆனால் மாதத்தில் ஒரு வாரத்துக்கு மேல் அவள் நாற்காலியில் உட்காரவே மாட்டாள். உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பயம்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் — சில நாள் அதுவும் தாங்காது. கட்டி கட்டியாகப் போகும். ஹேண்ட்பேக்கில் எப்போதும் ஒரு மாற்றுத்துணி. வயதுக்கு வந்ததிலிருந்தே இப்படித்தான். யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்... "எல்லாருக்கும் வர்றதுதானே?"

எல்லோருக்கும் வருவதுதான். எல்லோருக்கும் இப்படியா வருகிறது? உதடு வெளுத்து, பாதிப் படியில் மூச்சு வாங்கி நிற்கிற அளவுக்கா?

மகள் இனியா பிறந்தபோது பிரசவம் நல்லபடியாகத்தான் முடிந்தது. வீட்டுக்கு வந்த பிறகு ரத்தம் கொட்டித் தீர்த்தது. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலையிறங்கினார்கள். வேறு யாருடைய ரத்தத்தையோ ஏற்றித்தான் பிழைக்க வைத்தார்கள். "சிலருக்கு அப்படி ஆகும்" என்றார்கள். அந்தச் சிலருக்கு மட்டும் ஏன் ஆகிறது? அதை யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகும் ரத்தம் ஏற்ற வேண்டி வந்தது. போன வருஷம் மலைக்குக் கீழே ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். கர்ப்பப்பையில் கட்டி இல்லை, புண் இல்லை, ஒன்றுமே இல்லை. அங்கிருந்த டாக்டரம்மா கடைசியில் சொன்னது — "ஒரு பிள்ளை இருக்கில்ல? கர்ப்பப்பையை எடுத்துடலாம்மா. தொல்லை விட்டது."

கோமதிக்கு வயது முப்பத்திரண்டு.

அவளுடைய மாமியார் இதைப் பெரிய விஷயமாகவே நினைக்கவில்லை. "நானும்தான் எடுத்தேன். என் நாத்தனா எடுத்தா. எடுத்துட்டு மறு மாசமே பூண்டு புடுங்கப் போகலையா?" என்றார். கல் மனசுக்காரர் இல்லை. அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். அவரிடம் யாரும் வேறு எதையும் சொல்லவில்லையே.

அன்று சாயங்காலம் எனக்குப் போன் வந்தது.

"பெரியம்மா, நாளைக்கு ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட வரச் சொல்லியிருக்காங்க. நான் போட மாட்டேன். ஆனா தனியாப் போனா எல்லாருமாச் சேந்து போட வச்சிருவாங்க. நீங்க வெள்ளனே வந்துருங்க."

போனேன். டாக்டர் அறையில் கோமதி, முருகேசன், மாமியார், நான். கூடவே கோமதியின் அப்பா — என் தங்கை வீட்டுக்காரர். மப்ளர் சுற்றிக்கொண்டு பேசாமல் நின்றார். பேச முடியாது. அதற்கு முந்தின வாரம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார். வாயில் இன்னும் பஞ்சு.

டாக்டரம்மா தாளை நகர்த்தினார். பேனாவையும் கொடுத்தார். கோமதி பேனாவை எடுக்கவில்லை.

"ஒரு சந்தேகம் டாக்டர். எங்கப்பா பல்லுப் புடுங்கி ஒரு வாரமாச்சு. இன்னும் ரத்தம் கசியுது. முன்னாடி ஒரு பல்லுப் புடுங்குனப்பவும் இப்படித்தான். அவருக்கு அடிக்கடி மூக்குலயும் வரும். நாங்க குளிருக்கு மூக்கு ஒடையுதுன்னே நெனச்சுக்கிட்டோம். எனக்கும் சின்னதுல வரும். கட்டில்ல லேசா இடிச்சாலே கன்னிப் போயிருது."

"அது வேற, இது வேறம்மா."

"ரெண்டும் ரத்தம்தானே டாக்டர். எனக்குக் கர்ப்பப்பைய எடுத்தா நின்னுரும்னு சொல்றீங்க. எங்கப்பாவுக்கு எதை எடுப்பீங்க?"

முருகேசன் சுவரைப் பார்த்தான். மாமியார் கோமதியின் கையை லேசாகக் கிள்ளினார். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா கொஞ்ச நேரம் என் தங்கை வீட்டுக்காரரின் வாயையே பார்த்தார். பிறகு தாளைத் தன் பக்கம் இழுத்து மடித்து வைத்தார். கேள்வி கேட்க ஆரம்பித்தார் — இதையெல்லாம் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும் — கேட்டு முடித்து, மதுரையில் ரத்த நோய்களுக்கென்றே இருக்கிற ஒரு டாக்டருக்குப் போன் போட்டார். நீட்டிய தாளைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் ஒரு மனசு வேண்டும். அதற்காக அவருக்கு ஒரு வணக்கம்.

மதுரையில் முதல் தடவை எடுத்த டெஸ்ட் இரண்டுங்கெட்டானாக வந்தது. ரத்தத்தில் அவர்கள் பார்க்கிற அளவு நாளுக்கு நாள் ஏறும், இறங்குமாம். இன்னொரு முறை வரச் சொன்னார்கள். "போதும் அலைஞ்சது, சோலியப் பாரு" என்றது வீடு. லீவு போட்டுவிட்டு அவளாகப் பஸ் ஏறிப் போனாள்.

இரண்டாவது டெஸ்டில் பிடிபட்டது. வான் வில்லிபிராண்ட் நோய். பெயர்தான் வாயில் நுழையாது, விஷயம் எளிது. ரத்தம் உறைவதற்கு உதவுகிற ஒரு புரதம் உடம்பில் குறைவு. பரம்பரையாக வருவது. ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும். ஆணுக்குப் பல்லிலும் மூக்கிலும் அவ்வப்போது. பெண்ணுக்கு மாதா மாதம். அப்பாவுக்கும் டெஸ்ட் எடுத்தார்கள். அவருக்கும் அதுவே.

"இது தெரியாம ஆபரேஷன் பண்ணியிருந்தா..." என்று ஆரம்பித்த மதுரை டாக்டர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

வைத்தியம் என்ன தெரியுமா? தீட்டு நாட்களில் ரத்தம் உறைந்த இடத்தில் கரையாமல் காக்கும் மாத்திரை. இரும்புச்சத்து. கர்ப்பப்பைக்குள் ஹார்மோன் தருகிற ஒரு சின்ன சாதனம். ரத்தத்தை இளக்குகிற வலி மாத்திரைகளுக்குத் தடை. பல் பிடுங்குவதானாலும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். எல்லாமே ஆளுக்கு ஆள் மாறும் — டாக்டரைக் கேட்காமல் பக்கத்து வீட்டு மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். ஆனால் கத்தி? அது தேவைப்படவே இல்லை.

சில மாதங்களில் கோமதியின் உதட்டுக்கு நிறம் வந்தது. அவளோ சந்தோஷப்படுவதற்குப் பதில் கோபப்பட்டாள்.

"இருவது வருசம் பெரியம்மா. மாத்திரையில அடங்குறதுக்கு இருவது வருசம் என்னைய வெளுக்க விட்டுட்டாங்க. எம்மகள விட மாட்டேன்."

விடவில்லை. இனியாவுக்கும் டெஸ்ட் எடுத்தாள். இருந்தது. மகள் பெரியவளாவதற்கு முன்பே என்ன செய்ய வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு வைத்தாள். பள்ளிக்கூடத்துக்கே போய் கிளாஸ் டீச்சரிடம் சொல்லிவிட்டு வந்தாள். போன மாதம் இனியா வயதுக்கு வந்தாள். ரத்தம் அதிகமாகத்தான் போனது. ஆனால் மாத்திரை கையில் இருந்தது, டாக்டர் போனில் இருந்தார். பிள்ளை பயப்படவில்லை.

போன ஞாயிறு நடந்தது அவளுக்கான சடங்கு. சீர் வைத்து முடித்ததும் கோமதி சொந்தபந்தம் அத்தனை பேரையும் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். நோயின் பெயரைச் சொன்னாள். பேட் சீக்கிரம் நனைந்தால், கட்டியாகப் போனால், ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால், வீட்டில் யாருக்காவது ரத்தம் நிற்காமல் இருந்தால் டெஸ்ட் எடுங்கள் என்றாள். வேண்டாம் என்று மாமியார் ஜாடை காட்டிக்கொண்டே இருந்தார். ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார்.

"மெதுவாப் பேசுத்தா. ஆம்பளைங்க இருக்காங்க."

"இருக்கட்டும் மாமா. அவுங்க வழியாவும்தான் இது வருது. கேட்டுட்டே போகட்டும்."

அப்போது அவளுடைய அப்பா எழுந்தார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாத மனிதர். துண்டைத் தோளில் சரிசெய்தபடி சொன்னார் — "எனக்கும் இருக்குங்க. எங்கிட்ட இருந்துதான் எம்மகளுக்குப் போயிருக்கு. எங்க வகையறாவுல எல்லாரும் போயிப் பாருங்க." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

பந்தி முடிவதற்குள், பண்ணைக்காட்டிலிருந்து வந்திருந்த இளம் பெண்கள் இரண்டு பேர் கோமதியைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய் மதுரை டாக்டரின் விலாசம் கேட்டார்கள்.

மெதுவாகப் பேசச் சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை... ரத்தம் மெதுவாகப் போவதில்லை.