ஏஸ் ஜோடிக்கு எத்தனை பேர்

கட்டைவிரலால் ஓரத்தை மட்டும் நெம்பி, இரண்டு சீட்டையும் ஒரே ஒரு தடவை பார்க்கிறார். பார்த்ததும் கவிழ்த்து, மேலே ஒரு பித்தளை வாஷரை வைக்கிறார். அந்த ஆட்டம் முடியும்வரை மறுபடி தொடுவதில்லை. “ரெண்டாவது தடவை பாத்தா சீட்டு மாறிடவா போகுது? நம்ம மூஞ்சிதான் மாறும்” என்பார்.

லிஃப்ட் மெக்கானிக். ஐம்பதைத் தொட்டவர். எந்த சோப்புக்கும் மசியாத கிரீஸ் நக இடுக்குகளில் நிரந்தரமாகக் குடியிருக்கிறது. ஞாயிறு மதியங்களில் எங்கள் மன்றத்தின் மூன்றாவது மாடியில் போக்கர் போட்டி நடக்கும். லிஃப்ட் இருந்தும் மனிதர் மூச்சு வாங்கப் படியேறித்தான் வருவார். “லிஃப்ட நம்புறேங்க. அதுல ஏறுற ஆளுங்களத்தான் நம்புறதில்ல.”

விவரம் தெரியாதவர்களுக்கு: ஆரம்பத்தில் எல்லோருக்கும் ஒரே அளவு சிப் தருவார்கள். தீர்ந்தால் எழுந்து போக வேண்டியதுதான். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக, பிறகு நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாக. ஒருவர் வைத்த சிப்புக்கு ஈடாக வைக்காதவர் சீட்டை வீசிவிட்டு ஒதுங்க வேண்டும்; மிச்சமிருப்பவர்களில் நல்ல சேர்க்கை உள்ளவருக்கு நடுவில் சேர்ந்த சிப் எல்லாம். கடைசிவரை மிஞ்சுகிறவருக்கு ஒரு சுழற்கோப்பை. ஒரு காது உடைந்து ஒட்டவைத்தது. நான் முதல் அரை மணியிலேயே சிப்பையெல்லாம் தாரை வார்த்துவிடுகிற ரகம். ஆகவே இவரை வேடிக்கை பார்க்க எனக்கு நேரத்துக்குப் பஞ்சமே இல்லை.

பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் என்னைக் குடைந்தது. சுமாரான சீட்டில் இவர் புலி. உதவாத சீட்டை ஒரு நொடி யோசிக்காமல் வீசுவார். ஆனால் இருப்பதிலேயே உசத்தியான சீட்டு, இரண்டு ஏஸ், கைக்கு வந்துவிட்டால் ஆள் குழைந்துபோவார். முதலில் ஒரு கொட்டாவி வரும். அது நடிப்பு. பிறகு, ஏதோ போனால் போகிறதென்று வருகிறவர்போல, உள்ளே வரத் தேவையான ஒற்றைச் சிப்பை மட்டும் தள்ளுவார். அந்தக் கொட்டாவியின் அர்த்தம் மேசையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஒற்றைச் சிப்தானே என்று ஐந்து பேர் உள்ளே வருவார்கள். நடுவில் சீட்டு விழ விழ, அந்த ஐவரில் யாராவது ஒருவருக்கு எதுவோ சேர்ந்துவிடும். இப்படி நான்கு முறை ஏஸ் ஜோடியோடு வெளியேறியிருக்கிறார்.

கணக்குத் தெரியாதவரா என்றால், என்னைவிட நன்றாகத் தெரியும். “ஏஸ் ஜோடி ஒருத்தனோட மோதினா அஞ்சுக்கு நாலு தடவை நமக்கு. அஞ்சு பேரோட மோதினா பாதிக்குப் பாதி” என்று எனக்கே பாடம் எடுத்தார்.

“அப்ப முதல்லயே பெரிசா போட்டு, வர்றவங்களக் குறைக்க வேண்டியதுதானே?”

“எல்லாரும் ஓடிட்டா? இருநூறு ஆட்டத்துக்கு ஒரு தடவை, அத்தி பூத்த மாதிரி வர்ற சீட்டு சார். அத வெச்சு ரெண்டு மூணு சிப் ஜெயிக்கவா?”  விளையாட்டுப் பேச்சு இல்லை, நிஜமான வருத்தம்.

இந்தச் சிக்கலுக்கு விடை சொன்னது, சீட்டையே கையால் தொடாத அவர் மனைவி. பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிறவர். வேலை முடிந்து ஐந்து மணிக்கு ஸ்கூட்டரோடு வந்து வாசலில் நிற்பார். நான்காவது தோல்வியன்று எப்படித் தோற்றார் என்று துருவிக் கேட்டிருக்கிறார். முழுக்கக் கேட்டபின் ஒரே கேள்வி: “லிஃப்டுக்குள்ள ஆறு பேருக்கு மேல ஏறாதீங்கன்னு ஒட்டுறதே நீங்கதானே? இங்க மட்டும் எதுக்கு ஊரையே ஏத்துறீங்க?” கையோடு ஒரு நிபந்தனையும் வைத்தார். இன்னொரு முறை ஏஸ் ஜோடியோடு தோற்று வந்தால் வாஷரைத் தன்னிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அதன்பின் ஞாயிறு வீட்டுக்கு.

இதை எங்களிடம் சொன்னவரும் இவர்தான். சிரித்துக்கொண்டே சொன்னார்; ஆனால் வாரம் முழுக்க இருட்டுக் குழிகளில் தொங்கும் மனிதருக்கு இந்த ஒரு மதியம் என்னவென்று எனக்குத் தெரியும். சிரிப்பு வரவில்லை.

போன ஞாயிறு, ஐந்து மணிக்குச் சற்று முன். மேசையில் ஏழு பேர். மூன்று பேர் ஒற்றைச் சிப் போட்டு உள்ளே வந்துவிட்டார்கள். இவர் முறை. ஓரத்தை நெம்பினார். பின்னால் நின்ற என் கண்ணிலும் பட்டது: இரண்டு ஏஸ்.

வாஷரை வைத்தார். கொட்டாவிக்கு வாய் திறந்தது, பாதியிலேயே மூடிக்கொண்டார். விரல்கள் தாமாக ஒற்றைச் சிப்பை எடுத்துவிட்டன. எடுத்தவர் கையை அப்படியே நிறுத்தினார். ஏற்கனவே உள்ளே இருந்த மூவரையும் வரிசையாக ஒரு பார்வை பார்த்தார், தலை எண்ணுகிறவர்போல. பிறகு சிப்பைக் கீழே வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் தன்னிடமிருந்த மொத்தத்தையும் நடுவில் தள்ளினார்.

“எல்லாம்” என்றார். 

ஒவ்வொருவராகச் சீட்டை வீசினார்கள். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மட்டும் தன் சிப்பை எண்ணிப் பார்த்து, இவரைவிடக் கூடுதலாக இருக்கிற தைரியத்தில், “வர்றேன்” என்றார். சீட்டுகளைத் திறந்து வைத்தார்கள். அவரிடம் இரண்டு ராணி. ஐந்துக்கு நாலு தடவை நமக்கு என்று என் மனம் முணுமுணுத்தது. நடுவில் நான்கு சீட்டு ஒன்றும் செய்யாமல் விழுந்தன. ஐந்தாவதாக வந்து உட்கார்ந்தாள் மூன்றாவது ராணி. மூன்று ராணிக்கு முன்னால் இரண்டு ஏஸ் செல்லாது.

“மன்னிச்சுக்கோங்க அண்ணே” என்றார் கடைக்காரர், நிஜமாகவே கூசிப்போய்.

இவர் எழுந்து கை கொடுத்தார். வாஷரைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினார். எனக்கு மனசு கேட்கவில்லை, பின்னாலேயே போனேன். 

வாசலில் ஸ்கூட்டர். முகத்தைப் பார்த்ததுமே அந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. “ஏஸா?”

தலையாட்டினார். சட்டைப்பையிலிருந்து வாஷரை எடுத்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

அந்த அம்மாள் அதை எடுக்கவில்லை. “எத்தனை பேர ஏத்துனீங்க?”

“ஒருத்தர்தான்.”

 அந்த அம்மாள் அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, வாஷரை அவர் கைக்குள்ளேயே மூடிவிட்டு, ஸ்கூட்டரைக் கிளப்பினார்.