அடுத்தடுத்த எண்ணில் இரண்டு ஹார்ட் டிஸ்க்

1997 ஆகஸ்டு 16, சனிக்கிழமை. ஆடி மாதத்தின் கடைசி நாள்.

ஐந்தரைக்கு எழுந்தேன். கோப்பி குடித்தேன். பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். காரின் முன்மூடியைத் திறந்து எண்ணெய் பார்த்தேன். சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன் – சனிக்கிழமைதான் அதற்கான நாள். சட்டைப் பையில் பேனாக்களைச் செருகினேன். நீலம் இடப்பக்கம், சிவப்பு வலப்பக்கம். எல்லாம் வழக்கம்போல.

ஒன்றைத் தவிர. முன்கூடத்திலிருந்து ஒரு சத்தம்... டக். சற்று இடைவெளி. மறுபடி டக், டக்.

கடிகாரமா? இல்லை. என் மனைவி லோகாவின் கணினி.

இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர்களுக்கு லோகாவைத் தெரியும். புதியவர்களுக்காகச் சொல்கிறேன். பினாங்குத் தீவின் கெலுகோரில் எங்கள் வரிசை வீட்டின் முன்கூடத்தில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பது அவள் தொழில். இத்தனை வருடமாக அவள் வரைந்த பிள்ளையார்கள், குத்துவிளக்குகள், மயில்கள், ஓரச் சித்திரங்கள் – அத்தனையும் அந்தப் பெட்டிக்குள் உள்ளங்கை அகல ஹார்ட் டிஸ்க் ஒன்றில்தான் குடியிருக்கின்றன. அந்த டிஸ்க்தான் வியாழக்கிழமையிலிருந்து 'டக்' என்கிறது.

அதிலும் பாருங்கள், வந்த நேரம்! ஆடியில் யாரும் பத்திரிகையைக் கையால் தொட மாட்டார்கள். ஆவணி பிறந்ததும் வாசலில் வந்து நிற்பார்கள். தீவின் மறுபக்கம் பாலிக் புலாவிலிருந்து சிவகாமி அக்கா ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வெற்றிலைத் தட்டோடு வருவதாகச் சொல்லியிருந்தார். மகள் கல்யாணம். அவர்களுக்கு ஜாதிக்காய்த் தோட்டம் இருக்கிறது. அதனால் பத்திரிகையின் ஓரமெல்லாம் ஜாதிக்காய்க் கொடி – மன்னிக்கவும், ஜாதிக்காய் மரத்தில் காய்ப்பது, கொடியில் அல்ல. லோகா இதைப் பலமுறை திருத்தியிருக்கிறாள் – ஜாதிக்காய்க் கிளை வேண்டும் என்று மணப்பெண் கேட்டாள். லோகா மூன்று வாரம் உட்கார்ந்து இலை இலையாக வரைந்தாள். வெடித்த காயும் உள்ளே சிவப்பு ஜாதிபத்திரியுமாக... பார்த்தால் மணக்கும்.

காகிதத்தில் ஒரு பிரதி எடுத்து வைத்தால் போதாதா என்று கேட்காதீர்கள். அச்சகத்துக்குப் போக வேண்டியது காகிதம் அல்ல, ஃபைல். அந்த ஃபைல் ஒரு பிளாப்பியில் அடங்காது. மேல்மாடியில் மகள் தேன்மொழியின் கணினியிலோ ஈ நுழைய இடமில்லை.

தேன்மொழி பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறாள். அவளிடம் ஏற்கெனவே ஒரு திட்டம் இருந்தது. என் அலுவலகம் தூக்கிப்போட்ட பழைய கணினியை மாடிப்படிக்குக் கீழே வைப்பது. அதிலிருந்து கறுப்பு வயர் ஒன்றை அம்மாவின் கணினிக்கும் இன்னொன்றை மாடிக்கும் இழுப்பது. வயர் இழுத்து, ஆணியடித்து, முடித்தும்விட்டாள். இனி வேண்டியது இரண்டு பெரிய ஹார்ட் டிஸ்க். ஒன்று வீட்டுக்கே பொதுவான அலமாரி. மற்றது அதன் நகல்.

"ஆடியில புதுசா வாங்குறதா?" என்றாள் லோகா.

"மலிவு விற்பனை இன்றோடு முடிகிறதே!"

அவள் யோசித்தாள். "சரி, வாங்குங்க. ஆனா ஆரம்பிக்கக் கூடாது."

வாங்கலாம், ஆரம்பிக்கக் கூடாது. அந்த வித்தியாசம் எனக்கு அப்போது புரியவில்லை. சாயங்காலம் புரிந்தது.

துறைமுகத்தோரம் வெல்ட் கீயில் நான் வேலை பார்க்கும் கப்பல் ஏஜென்சிக்குச் சனிக்கிழமை அரைநாள்தான். ஒரு மணிக்குப் புறப்பட்டுத் தேன்மொழியையும் ஏற்றிக்கொண்டு கணினிக் கடைக்குப் போனேன். ரோட்டோரமெல்லாம் சீனர்கள் ஊதுபத்தி கொளுத்தி ஆரஞ்சுப் பழம் வைத்திருந்தார்கள். அவர்களுக்கு அது பேய் மாதம். நமக்கு ஆடி. அவர்களும் புதிதாக எதையும் வாங்க மாட்டார்கள், நாமும் வாங்க மாட்டோம். பாவம் கடைக்காரர் என்ன செய்வார்? விலையைக் குறைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பெயரை ஆ ஹோக் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பேசியது மலாயும் ஆங்கிலமும் கலந்த பேச்சு. நான் தமிழில் தருகிறேன். 'லா'வுக்கு மட்டும் தமிழ் கிடைக்காததால் அப்படியே விட்டுவிட்டேன்.

"வாங்க அங்கிள். ரெண்டு கிகாபைட்தானே? எடுத்துக்குங்க லா. எல்லாம் ஒண்ணுதான்."

எல்லாம் ஒன்றுதான் என்றால் நான் நம்பிவிடுவேனா? தினமும் கப்பல் பத்திரங்களில் கண்டெய்னர் எண்களைச் சரிபார்க்கிறவன் நான். வரிசையில் ஓர் எண் விட்டுப்போனால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

ஒவ்வொரு டிஸ்க்கையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெள்ளிநிறப் பையில் கிழிசல் உண்டா? தயாரித்த வாரம் எது? உத்தரவாதம் எத்தனை வருடம்? மூலைகள் நசுங்கியிருக்கின்றனவா?

"அப்பா," என்றாள் தேன்மொழி, "நீங்க டிஸ்க் வாங்க வந்தீங்களா, மாப்பிள்ளை பார்க்க வந்தீங்களா?"

ஒரு டிஸ்க் மனத்துக்குப் பிடித்தது. இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் அந்த ஆசை வந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று நகல் அல்லவா? அப்படியானால் அடுத்தடுத்த எண்ணில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஒரே நாளில், ஒரே மேசையில், ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்த இரட்டைப் பிள்ளைகள்...

"வேணாம்பா. ஒண்ணா பொறந்தது ஒண்ணா படுத்துக்கும். வேற வேற மாசத்துல செஞ்சது எடுங்க. அதுதான் சேஃப்டி."

மகள் படித்துவிட்டுச் சொல்கிறாள். அப்பா காதில் வாங்கவில்லை. இது உலக வழக்கம்.

ஆ ஹோக் என்னையே பார்த்தார். "நம்பர் ஒட்டி வரணுமா அங்கிள்? அதுதான் முக்கியமா?"

"ஆமாம். எண்தான் முக்கியம்."

"கவலையே வேணாம் லா. உள்ளே ஸ்டோர்ல தேடிப் பார்க்கிறேன். கீழே போய் ஒரு கோப்பி குடிச்சிட்டு வாங்க."

குடித்துவிட்டு வந்தோம். மேசைமேல் இரண்டு வெள்ளிப் பைகள். ஒன்றின் எண் நான்கில் முடிந்தது. மற்றது ஐந்தில். என் முகத்தை நானே பார்க்கவில்லை; தேன்மொழி பார்த்தாள். லாட்டரி விழுந்தவன் மாதிரி இருந்ததாம்.

வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல், திருப்புளியை எடுத்தேன்.

லோகா குறுக்கே வந்து நின்றாள். "எங்க போறீங்க?"

"மாட்டத்தான். அந்தச் சத்தத்தைக் கேள். இப்போதே நகல் எடுத்துவிட வேண்டும்."

"நாளைக்கு. ஆவணி பொறக்கட்டும்."

"லோகா, அது நாளைவரை தாங்குமா?"

"என்னாங்க பேசுறீங்க? எத்தனை பேரு வீட்டுக் கல்யாணம் அதுல இருக்கு! ஆடியில புது டிஸ்க்ல ஏத்திட்டேன்னா, சிவகாமி அக்கா மூஞ்சிய நான் எப்படிப் பார்க்கிறது? யாரு கேட்டாலும் ஆடியில ஆரம்பிக்க மாட்டேன்னு அஞ்சு வருஷமா சொல்லிட்டு இருக்கேன். என் வீட்டுக்குள்ள மட்டும் ஆரம்பிக்கலாமா?"

டக். டக், டக்.

மூவரும் கணினியைப் பார்த்தோம். லோகாவின் கண் கலங்கியிருந்தது. அவளுக்கும் பயம்தான். என்னைவிட அதிக பயம். மூன்று வாரம் இலை இலையாக வரைந்தது நான் இல்லையே. ஆனாலும் அசையவில்லை. வாடிக்கையாளருக்கு ஒரு நியாயம், தனக்கு ஒரு நியாயம் என்று அவளுக்குப் பழக்கமில்லை. கல்யாணமானதிலிருந்து எனக்குத் தெரியும் – வாதாடிப் பயன் இல்லை.

மனத்தைத் திருப்புவதற்காக, "இதையாவது பார்" என்று இரட்டைப் பிள்ளைகளை நீட்டினேன். "திறக்க வேண்டாம். பைக்கு வெளியிலிருந்தே பார். எண்கள் அடுத்தடுத்து!"

வாங்கிப் பார்த்தாள். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். நாள் முழுக்க எழுத்துகளோடு வாழ்கிறவள். ஒரு புள்ளி நகர்ந்தால் கண்டுபிடிப்பாள்.

"என்னாங்க... ரெண்டு லேபலும் ஒரே ஃபேக்டரியா?"

"ஒரே மேசை!"

"அப்ப ஏன் இதுல நாலு தலை மூடியிருக்கு, அதுல திறந்திருக்கு?"

நான் பார்த்தேன். எண் நான்கில் முடியும் டிஸ்க்கில், நான்கு என்ற இலக்கம் மேலே கூராக மூடியிருந்தது. மற்றதில், நடுவில் வரும் நான்கெல்லாம் வாய் பிளந்து நின்றன. வேறு எழுத்துரு. வேறு அச்சு.

இரண்டாவது பையில் ஒட்டியிருந்ததும் தொழிற்சாலை முத்திரை அல்ல, சாதாரண செலோடேப். தேன்மொழி அதைப் பிரித்தாள். லோகா லேபலின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். தோசை மாதிரி எழும்பி வந்தது. அடியில் இன்னொரு லேபல். அதில் எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நீள எண். திருகாணித் துளைகளைச் சுற்றிப் பழைய கீறல்கள் வேறு.

கோப்பி குடித்துவிட்டு வந்தபின் எண்ணைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

டெலிபோனை எடுத்தேன். என் குரல் தெருவரை கேட்டிருக்கும்.

"ஆ ஹோக், இது பழைய டிஸ்க்!"

அந்தப் பக்கத்திலிருந்து, கொஞ்சம்கூடக் கோபமில்லாமல்: "அங்கிள் நம்பர் கேட்டீங்க. நான் நம்பர் கொடுத்தேன் லா."

செலோடேப்பையும் கீறலையும் சொல்லி இன்னும் கத்தினேன்.

"சாரி அங்கிள். ஒரு ஆபீஸ்ல போட்டுப் பார்த்துட்டுத் திருப்பிக் கொடுத்தது. நல்ல டிஸ்க்தான். நாளைக்குக் கடை திறந்திருக்கும், கொண்டாங்க. புதுசு மாத்தித் தர்றேன்."

"நாளைக்கு முதல் வேலையாக வருகிறேன்!" என்று கத்தினேன். வைக்கப் போனேன். லோகா ரிசீவரைப் பறித்துக்கொண்டாள்.

"ஹலோ. அது உண்மையிலேயே பழசா?"

"...சாரி ஆன்ட்டி."

"சாரி வேணாம். நிச்சயமா பழசுதானே? வேற ஒருத்தர் மாட்டி, ஆரம்பிச்சு, ஓட்டினதுதானே?"

"ரெண்டு மாசம் ஓடினது ஆன்ட்டி. பொய் இல்ல."

"ஆடிக்கு முன்னாடியே ஓடினதா?"

ஆ ஹோக்குக்கு ஆடி தெரியாது. "ஜூன்" என்றார்.

"அப்ப மாத்த வேணாம்!" லோகாவின் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஒரு சிரிப்பு. "நீங்க நல்லா இருக்கணும் தம்பி. பழைய விலையைப் போட்டு மிச்சத்தைத் திங்கக்கிழமை இவருகிட்ட கொடுங்க. வாரண்டி எழுதிக் கொடுங்க. வெச்சிடறேன்."

பழைய சரக்கை ஏமாற்றி விற்றதற்காக வாழ்த்து வாங்கிய கடைக்காரர் பினாங்கில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

என் பக்கம் திரும்பினாள். "ஏன் நிக்கிறீங்க? இது புதுசு இல்ல. இது ஆனி மாசமே ஆரம்பிச்சாச்சு. மாட்டுங்க லா!"

இப்படி ஒரு சட்ட நுணுக்கம் எந்த வக்கீலுக்காவது தோன்றுமா? தேன்மொழி படிக்கட்டில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் திருப்புளியோடு மாடிப்படிக்குக் கீழே தவழ்ந்தேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே வேலை தொடங்கியது. லோகா சொன்ன வரிசையில் தேன்மொழி அனுப்பினாள். முதலில் சிவகாமி அக்காவின் ஜாதிக்காய்க் கிளை. கறுப்பு வயருக்குள் இலைகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டேன். மறுமுனையில் ஃபைலைத் திறந்து பார்த்தோம். காய் வெடித்தபடியே இருந்தது, பத்திரி சிவந்தபடியே இருந்தது. லோகா ஒரு பெருமூச்சு விட்டு, அப்போதுதான் போய் ரசத்தை அடுப்பில் வைத்தாள்.

அடுத்து மற்றக் கல்யாணங்கள். பிறகு பிள்ளையார்கள், மயில்கள், விளக்குகள். ரசம் கொதித்து இறங்கியது. கடைசியாக, ஒரு மூலையில் நான் தட்டச்சு செய்து வைத்திருந்த இந்தப் பத்தியின் பழைய கட்டுரைகள்...

டக். டக். டக்.

பிறகு ஒன்றும் இல்லை. சத்தம் நின்றேவிட்டது. தேன்மொழி அணைத்துப் போட்டாள், தட்டினாள், கெஞ்சினாள். லோகாவின் டிஸ்க் பேசவில்லை. கல்யாணங்களையெல்லாம் கரையேற்றிவிட்டு, என் கட்டுரைகளோடு மூழ்கிவிட்டது.

"என்னைக் கடைசியில் போட்டாயே" என்றேன்.

"உங்களுதுல யாரு கல்யாணம் நிக்குது?" என்றாள் லோகா, அப்பளத்தைத் தட்டில் வைத்தபடி.

வாசகர்கள் மகிழ வேண்டாம். கையெழுத்துப் பிரதிகள் பத்திரமாக இருக்கின்றன.

சாப்பிட்டுக்கொண்டே யோசித்தேன். ஒழுங்கு என்பது நல்ல குணம்தான். ஆனால் நாம் எதைப் பார்த்து மயங்குவோம் என்று எதிரே இருப்பவருக்குத் தெரிந்துவிட்டால், அதையே அச்சடித்து ஒட்டிக் கொடுத்துவிடுகிறார். எனக்கு எண். இன்னொருவருக்குப் பட்டமாக இருக்கலாம், பகட்டாக இருக்கலாம்.

நான்கில் முடியும் டிஸ்க் இன்னும் பை பிரியாமல் சாமி அறையில் இருந்தது. நகல் எடுக்க வேண்டிய புது டிஸ்க். அது ஆவணிக்குக் காத்திருந்தது.

விடிந்தது. ஆவணி முதல் நாள். லோகா குளித்துவிட்டு வந்து விளக்கேற்றினாள். பையைப் பிரித்து டிஸ்க்கைத் தட்டில் வைத்தாள். குங்குமத்தைக் கையில் எடுத்தவள், ஏதோ நினைத்துக் கீழே வைத்தாள். பிறகு முதல் வேலையாக லேபலின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

எழும்பவில்லை. அதன்பிறகுதான் பொட்டு வைத்தாள்.