வெளிச்சம் ஊடுருவிய கட்டி

கழுத்து வீக்கத்தைக் காட்ட வந்தவரின் தலைமுடியைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார் டாக்டர் சந்திரம்மாள். அடுத்து வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைத் தட்டுவார். "நெறி சும்மா கட்டாதுங்க. தலையில புண்ணா, சொத்தைப் பல்லானு பாத்துட்டுத்தான் மருந்து."

திருவண்ணாமலைத் தேரடியில் பத்து வருஷமாக வைத்தியம். கழுத்தில் எது வீங்கினாலும் ஊரார் அதைக் கண்டமாலை, அதாவது கழுத்துக் காசநோய், என்றால் மட்டும் கோபம் வரும். "பாக்காமயே பேர் வெச்சுடறாங்க. அதாவே இருந்தாலும் ஊசி இருக்குதே."

போன வருஷம், 1958 ஐப்பசியில் கீழ்பென்னாத்தூர் வெள்ளையம்மாள் எட்டு மாதப் பெண் குழந்தையைத் தூக்கி வந்தாள். பிறக்கும்போது எலுமிச்சை அளவில் கழுத்தில் இருந்த கட்டி, இப்போது சாத்துக்குடி அளவு. கூட வந்த மாமனார் சின்னசாமி, "நாளைக்குச் சூடு போட ஆள் வராருங்க. இவதான் ஒருவாட்டி காட்டணும்னு அடம்" என்றார்.

சந்திரம்மாள் ஜன்னல்களைச் சாத்தினார். மெத்தென்றிருந்த கட்டியின் ஓரத்தில் டார்ச்சை வைத்து அழுத்தினார். கட்டி முழுவதும் இளஞ்சிவப்பாக ஒளிர்ந்தது. சின்னசாமி கைகூப்பிவிட்டார்.

"சாமி இல்லீங்க, உள்ள தண்ணி. நிணநீர் ஓடற குழாய் பிறவியிலேயே சரியா அமையாம பையா ஊதியிருக்கு. புத்துநோய் இல்ல. ஆனா சூடு போட்டா சீழ் புடிக்கும். பெருசானா மூச்சை அமுக்கும். அறுத்து எடுக்கணும். எனக்கு அந்தக் கைப்பழக்கம் இல்ல, வேலூர்ல செய்யறவங்க இருக்காங்க."

"புள்ள பொழைக்குமா?" என்றார் சின்னசாமி.

"எழுதித் தர முடியாதுங்க. என் பேத்தியா இருந்தா நாளைக்கே கூட்டிட்டுப் போவேன்."

கிழவர் குழந்தையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "நீங்களும் வருவீங்களா?" என்றார்.

மறுநாள் சந்திரம்மாளின் கதவு பூட்டியிருந்தது. வேலூர் பஸ்ஸில், வீண் ஆசை காட்டிவிட்டோமோ என்ற பயத்தில் அவர் குழந்தையின் மூச்சையே கவனித்துக்கொண்டு வந்தார். வேலூரில் அறுவை முடிய மூன்று மணி நேரமாயிற்று. அதுவரை சின்னசாமியும் அவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே வந்த டாக்டர், "கட்டி முழுசா வந்துடுச்சு" என்றதும் கிழவர் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

மாசியில் வெள்ளையம்மாள் மறுபடி வந்தாள். குழந்தை கொழுகொழுவென்றிருந்தது. கழுத்தைச் சுற்றி ஒரு துணி.

"திரும்ப வருமாம்மா?"

"துளி விட்டுப்போயிருந்தா வரலாம். வந்தா மறுபடி எடுத்துடலாம். துணி எதுக்கு?"

"தழும்பு தெரியுதுங்க. பொட்டப்புள்ளயாச்சே."

சந்திரம்மாள் துணியை அவிழ்த்துத் தாயின் தோளில் போட்டார். குழந்தையை வாங்கிக்கொண்டு, நோயாளிகள் காத்திருந்த வாசலுக்கு வந்தார். எல்லோரும் தழும்பைப் பார்க்கும்படி, அதன் முகவாயை ஒற்றை விரலால் மெல்ல உயர்த்திப் பிடித்தார்.