ரயில்வேக்காரர் பெண்டாட்டி

பாஞ்சாலிக்கு அரிசி இலவசம். டவுன் பஸ் இலவசம். அரசு ஆஸ்பத்திரியில் சர்க்கரை மாத்திரையும் இலவசம். ஆனால் அந்த அரிசியை வேகவைக்கிற நெருப்பை மட்டும் எந்த அரசாங்கமும் இலவசமாகத் தருவதில்லை. இரண்டு மாதமாக சிலிண்டர் காலி. உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்தில், ஐம்பது வயதில், முட்டி தேய்ந்த காலோடு ஏரிக்கரையில் வேலிக்காத்தான் முள் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வந்தால் இந்தப் பாடு இல்லை. தெருவில் முக்கால்வாசிப் பேருக்கு வருகிறது. இவளுக்கு மட்டும் கிடையாது என்று போனில் மெசேஜ் வந்துவிட்டது. காரணம், புருஷன் அரசு ஊழியராம்.

அந்த அரசு ஊழியரை உண்டாக்கியதே பாஞ்சாலிதான்.

புருஷன் வரதன் பதினோரு வருடத்துக்கு முன்னால் போர்வெல் லாரியில் வேலை என்று கிளம்பினான். போனவன் போனவன்தான். ஒரு போன் கிடையாது. ஆறு மாதம் கழித்து, குழாயடியில் "உங்க வூட்டுக்காரரு எங்க?" என்று யாரோ கேட்டார்கள். "குண்டக்கல்லுல கீறாரு, ரயில்வேல வேல கெடச்சிருச்சி" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். புருஷன் விட்டுவிட்டுப் போனவள் என்ற பேரை எவள் சுமப்பாள்? ஆனால் பொய்யைச் சொன்னால் போதுமா, அதற்குத் தீனி போட வேண்டாமா? வருடா வருடம் தீபாவளிக்கு, அரிசி மில்லில் நெல் காயவைத்த கூலியில், காஞ்சிபுரம் போய் ஒரு புடவை எடுத்துவருவாள். அவரு பார்சல் அனுப்பினாரு என்பாள். அதற்கப்புறம் பத்து நாளைக்கு வெறும் ரசம் சோறுதான்.

உரிமைத் தொகை முகாமில் அவளுக்கு விண்ணப்பப் பாரம் எழுதிக் கொடுத்தது எதிர்வீட்டு தேவயானி. பத்தாவது படித்தவள், எழுத்து மணிமணியாக இருக்கும். கணவர் வேலை என்ற இடத்தில் 'ரயில்வே' என்று மணிமணியாக எழுதிவைத்தாள். மெசேஜ் வந்த அன்று பாஞ்சாலிக்கு அவள்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் போய்ச் சண்டை போட முடியுமா? என் புருஷன் ரயில்வேயில் இல்லை என்று எந்த வாயால் சொல்வது? கடைசியில் யாருக்கும் தெரியாமல் டவுனுக்குப் போய், முன்பின் தெரியாத ஒருவரிடம் மேல்முறையீடு எழுதி வாங்கி அனுப்பிவிட்டு வந்தாள்.

போன வாரம் விசாரணைக்கு விஏஓ மோகன்குமார் வந்தார். வந்தவர் நேராக இவளிடம் வந்து கேட்டிருக்கக் கூடாதா? எதிர்வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி தேவயானியைக் கேட்டார்.

"ரயில்வேல கீறாரு சார், குண்டக்கல்லுல" என்றாள் தேவயானி. "போன தீபாவளிக்குக்கூட பொடவ அனுப்புனாரு, மாம்பழக் கலருல."

தன் வீட்டுக்குள் முறத்தோடு நின்ற பாஞ்சாலி காதில் அது விழுந்தது. முறத்தைப் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

"சார்! அவன் ரயில்வேலயும் இல்ல, ஒரு மண்ணுலயும் இல்ல. பதினோரு வருசமா எங்க கீறான்னே தெரியாது. பொடவயெல்லாம் நானே எடுத்துக்கினது சார்!"

குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தது. யாரும் குழாயை மூடவில்லை.

"தெரியும்க்கா" என்றாள் தேவயானி மெதுவாக. "நீ அந்தப் பொடவய எடுக்கும்போது நானும் அந்தக் கடையிலதான் இருந்தேன்."

"தெரிஞ்சிக்கினே எதுக்குடி சொன்ன? எதுக்குடி பாரத்துல ரயில்வேன்னு எழுதுன? என் சோத்துல மண்ணள்ளிப் போட்டியேடி!"

"உன் மானம் போவக்கூடாதுன்னுதான்க்கா. எழுதனத அத்தினி பொம்பளைங்க முன்னாடி சத்தமாத்தான படிச்சேன்? நீ பக்கத்துலயே நின்னுக்கினு இருந்த. இல்லன்னு ஒரு வார்த்த சொன்னியா?"

பாஞ்சாலி சொல்லவில்லைதான்.

மோகன்குமார் சங்கடத்தோடு பேனாவைத் திறந்தார். "அப்போ நான் என்னம்மா எழுதட்டும்?"

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. பாஞ்சாலி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மாம்பழக் கலர் முந்தானை.

"எழுதிக்கோ சார். புருசன் வுட்டுட்டுப் போய்ட்டான்னு எழுதிக்கோ" என்றாள். "நல்லா கொட்ட எழுத்துல எழுது."