லூர்து மாமாவின் ஜீப்பும் என் மூன்று கோடுகளும்

பால் வாங்கப் போன என் தம்பிதான் அந்தச் செய்தியை அனுப்பினான்: "லூர்து மாமா போயிட்டாரு." நான் நம்பவில்லை. முந்தின வாரம் அவன் ஷாம்பு பாட்டிலில் நான் தேன் ஊற்றியிருந்தேன், பழி வாங்குகிறான் என்று நினைத்து, "எங்க, கடலூருக்கா?" என்று பதில் போட்டேன். தெருவில் பந்தல் கால்களை இறக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் அந்தப் பதிலை அழித்தேன்.

எங்கள் குருசுக்குப்பத்தில் மாமாவுக்கு முன்பே அவருடைய ஜீப்பின் சத்தம் வந்து சேரும். நாலு சக்கரமும் இழுக்கும் பழைய டீசல் வண்டி. விடிகாலையில் கனகசெட்டிக்குளம் கடற்கரை மணலில் இறங்கி, மீன்கார அக்காக்களைக் கூடைகளோடு மார்க்கெட்டுக்குக் கொண்டுவரும். "வண்டிக்கு வயசாயிடுச்சே மாமா" என்று சீண்டினால், "எனக்குந்தான் ஆயிடுச்சி. என்ன இரும்புக் கடையிலயா போட்டாங்க?" என்பார்.

போன வருஷம் ஐப்பசியில் அந்த ஜீப்புக்குச் சூடு, சொரணை இரண்டில் முதலாவது அதிகமாகிவிட்டது. வேகமெடுத்தால் சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறியது. மெக்கானிக் அண்ணன் பார்த்துவிட்டு, "இஞ்சின் ஹெட்டு போயிருக்கும் மாமா. தெறந்தா இஞ்சின் தாங்காது. வண்டிய இரும்புக் கடைக்குக் குடுத்துடுங்க" என்றார். கூடைக்காரர்களில் மூத்தவரான செல்வி அக்கா சண்டைக்கே வந்துவிட்டார். "நீ குடுத்துட்டா நாங்க இன்னா பஸ்ஸுலயா மீன ஏத்தறது? கண்டக்டரு எங்களையே ஏத்தமாட்டான்!"

மறுநாள் காலை மாமா, இஞ்சின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஓட விட்டு, தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். குமிழி வரவில்லை. "ஹெட்டு போயிருந்தா குமிழி கெளம்பும். அந்தச் சந்தேகம் கொறைஞ்சிடுச்சி" என்றார். பிறகு அரை மணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டார். முள் அசையவில்லை. "நிக்கும்போது அரை ரேடியேட்டரு போதும். ஓடும்போது முழுசும் வேணும். எங்கியோ அடைச்சிருக்கு."

அன்று சாயங்காலம் ரேடியேட்டருக்குப் பின்னால் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏ வாலு, முன்னால குனிஞ்சி பாரு. வெளிச்சம் முழுசா தெரியுதா?"

குனிந்தேன். வெளிச்சம் தெரிந்தது. நடுவில் மூன்று அகலமான கோடுகளும் ஒரு பெரிய பொட்டும் மட்டும் இருட்டாக இருந்தன.

அவற்றை ஆயுத பூஜையன்று போட்டவள் நான். மாமா மாதா கோயிலுக்குப் போகிறவர். ஆனாலும் எங்கள் தெருவில் எந்த வண்டியும் அன்று சந்தனத்துக்குத் தப்பாது. வெளியே வைத்தால் துடைத்துவிடுவார் என்று, முன்பக்கக் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு ரேடியேட்டரின் நெற்றியிலேயே பட்டை போட்டேன். வழியாமல் இருக்க மைதாப் பசை வேறு கலந்தேன். மேலே இருந்ததை மழை கழுவிவிட்டது. தகட்டு இடுக்கில் போனது இறுகிவிட்டது. சந்தனம் வைக்கப் போய் வண்டிக்கே நாமம் போட்டிருக்கிறேன்.

"தெரியுது மாமா" என்றேன்.

"நல்லா பாரு. முழுசாவா?"

"முழுசாதான்."

டார்ச்சை அணைத்தார். "சரி. அப்ப மெக்கானிக் சொன்னதுதான். நாளைக்கு இரும்புக்காரன வரச்சொல்லிடறேன்."

விடிந்ததும் ஓடினேன், "மாமா, அது நான்தான்" என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே. ஜீப்பின் முன்கம்பி கழற்றப்பட்டுத் தரையில் கிடந்தது. மாமா வெந்நீர் வாளியோடு உட்கார்ந்து, பழைய பல் பிரஷ்ஷால் தகடுகளைத் துலக்கிக்கொண்டிருந்தார்.

"போன்ழூர், மத்மோசெல்" என்றார். அவர் பிரெஞ்சில் வணக்கம் சொன்னால் வசமாக மாட்டிக்கொண்டோம் என்று அர்த்தம்.

"எப்பிடி மாமா தெரிஞ்சது?"

"டார்ச்சு புடிச்சவன் மேலேருந்து எட்டிப் பாக்கமாட்டானா? உன் மூஞ்சிலயே மூணு கோடு நெழலு, நடுவுல பொட்டு. அதான் ரெண்டு தடவ கேட்டேன்."

"அந்த இரும்புக்காரன்?"

"எந்த இரும்புக்காரன்?" என்று இன்னொரு பிரஷ்ஷை நீட்டினார். "மெதுவா தேய். தகடு மடங்கிடும்."

மதியம் கனகசெட்டிக்குளம் வரை வேகமாகப் போய் வந்தோம். முள் நடுவிலேயே நின்றது. இறங்கியதும் செல்வி அக்கா பிடித்துக்கொண்டார். "இன்னாதான் ஆச்சி வண்டிக்கு?"

"பூச்சி அடைச்சிக்கிச்சி."

"அம்மாம் பெரிய பூச்சியா?"

"பெருசுதான்" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகும் நான் அவரைச் சும்மா விட்டதில்லை. அவருடைய செருப்பை ஒளித்திருக்கிறேன், ஹாரனில் டேப் சுற்றியிருக்கிறேன். சந்தனம் என்ற ஒரே வார்த்தையில் என்னைத் தெருவில் அடக்கியிருக்கலாம். வீட்டில் அத்தையிடம்கூட அவர் சொல்லவில்லை என்பது சாவு வீட்டில்தான் தெரிந்தது. அந்தப் பூச்சியை நிஜமென்றே நம்பி, அதைப் பற்றிச் சொல்லி அத்தை சிரித்துக்கொண்டே அழுதார்.

அடுத்தவர் தப்பைப் பூட்டி வைத்த அந்த வாயை நான் அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன். என் தப்புக்கு அந்தப் பூட்டு வேண்டாம். அன்று காலை அவர் முந்திக்கொண்டதால், ஓடி வந்து சொல்ல நினைத்ததை நான் சொல்லவே இல்லை. இங்கே கூடியிருக்கும் அத்தை, செல்வி அக்கா, மெக்கானிக் அண்ணன், எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்: மாமா, அது நான்தான்.