கமாண்டர் பறக்கவிட்ட பீரிசு

கோப்பைக்கு அடியில் வைக்கும் சின்னத் தட்டு, நீல விளிம்பு வைத்த பீரிசு ஒன்று, என் குசினி அலுமாரியில் தனியாக இருக்கிறது. அதற்குரிய கோப்பை என்னிடம் இல்லை. கிளென் வேவர்லியில் நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில், பின்னேரத் தேநீர் நேரத்தில், எல்லோரும் கமாண்டர் என்று கூப்பிட்ட முதியவர் இதைத்தான் கோப்பைக்கு அடியிலிருந்து உருவியெடுப்பார். ஒரு கண்ணைச் சுருக்கி, தலைக்கு மேலே தூக்கி, ஆட்டி ஆட்டி மிதக்கவிட்டு, வாயால் ஊளைச் சத்தம் ஒன்றும் எழுப்புவார். கதை தொடங்கும் முன்பே கதிரைகளில் இருந்தவர்கள் சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். 

அவர் இளவயதில் விமானப்படையில் இருந்தவர். பறக்கும் தட்டு என்ற பேச்சு இந்த நாட்டில் புதிதாகக் கிளம்பிய காலத்தில், அப்படி ஒன்றைக் கண்டதாகச் சொன்ன விவசாயிகளின் வீடுகளுக்குப் போய் விசாரிப்பது அவருடைய வேலை. விசாரணை என்பது பெயருக்குத்தான். போகும்போதே விடை தயாராக இருக்கும்: கண்டது வெள்ளிக் கிரகம். அந்த மனிதர் ஒத்துக்கொள்ளாவிட்டால், பெண்சாதி பிள்ளைகளுக்கு முன்னால், “அன்றைக்கு எவ்வளவு குடித்திருந்தீர்?” என்று கேட்பாராம். இந்த இடத்தில் பீரிசு தொப்பென்று அவருடைய மடியில் விழும். மண்டபமே சிரிக்கும். சிரிக்காதவர் ஒருவர்தான். ஓய்வுபெற்ற ஆசிரியை. ஊர் வழக்கத்தில் நான் அவரை ரீச்சர் என்றே கூப்பிடுவேன். வெள்ளைக்காரிதான், ஆனாலும் அந்தப் பெயர் அவருக்குப் பிடித்திருந்தது.

ரீச்சரின் தகப்பன் ஆடு வளர்த்தவர். பட்டப்பகலில் தன் புல்வெளிக்கு மேலே வெள்ளி நிறத்தில் வட்டமாக ஒன்று நிற்பதைக் கண்டிருக்கிறார். அரசாங்கத்துக்கு அறிவிப்பது தன் கடமை என்று நினைத்து அறிவித்தார். வேறொரு அதிகாரி வந்து அதே கேள்வியைக் கேட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்த மனிதர் கடைக்குப் போனால் ஆட்கள் தலையில் பீரிசை வைத்துக்கொண்டு நின்றார்களாம். கடைசியில் அவர் தேவாலயத்துக்குப் போவதையும் விட்டுவிட்டார். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் பொய்யனின் மகள் என்று கத்தியபோது ரீச்சரும் வாய் திறக்கவில்லை. அதுதான் அவரை முதுமையிலும் நிம்மதியாக இருக்கவிடவில்லை. ஐபாடைத் தட்டித் தட்டி, அந்தக் காலத்தில் இராணுவம் எங்கே எதைப் பறக்கவிட்டது, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்றெல்லாம் தேடிக்கொண்டேயிருப்பார். தகப்பன் கண்டது விமானப்படையின் ஏதோ ஒரு பரிசோதனைதான் என்பது அவருடைய முடிவு. அதை அறிந்த ஒருவர் வாய் திறந்து சொல்லவேண்டும், அவ்வளவுதான். கமாண்டரிடம் நேராகவே கேட்டார். “வெள்ளிக் கிரகம்” என்று அவர் கண்ணடித்தார்.

ஒருநாள் பக்கத்து வீடு விற்பனைக்கு வந்தது. நல்ல பள்ளிக்கூட எல்லைக்குள் இருக்கும் வீடென்றால் இங்கே வானத்திலிருந்தும் படம் பிடித்து விளம்பரம் போடுவார்கள். நான் கமாண்டரைச் சக்கரக் கதிரையில் வைத்துத் தோட்டத்தில் தள்ளிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே அந்த இரைச்சல் கேட்டது. வன்னியில் நாங்கள் அதை வண்டு என்போம். ஆளில்லாத வேவு விமானம். வண்டு சுற்றிவிட்டுப் போனால் பின்னால் ஷெல் வரும். வீடு விற்கிற ட்ரோன் என்று யோசிக்க எனக்கு நேரமிருக்கவில்லை. கதிரையை இழுத்துக்கொண்டு ஓடி, தோட்டக் கொட்டிலுக்குள் புகுந்து, அவருடைய தலையை என் இரண்டு கைகளாலும் மூடியபடி குந்திவிட்டேன். அவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அன்று பின்னேரமே பீரிசு புதுக் கதையோடு பறந்தது. இந்த முறை ஓடுகிறவள் நான். என் ஆங்கிலத்தையும் அப்படியே பேசிக் காட்டினார்.

அடுத்த நாள் காலை அவருக்கு முகம் மழித்துக்கொண்டே சொன்னேன். எங்கள் ஆட்கள்மேல் குண்டு போட்டவர்கள், அங்கே எதுவுமே விழவில்லை என்று ரேடியோவில் சொன்னார்கள், செத்தவர்களைப் புதைத்துவிட்டு வந்து நாங்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்று. கத்தி பிடித்த என் கையை அவர் விலக்கினார். பிறகு, ஏதோ பரிசு தருகிறவர் மாதிரி, குரலைத் தாழ்த்தினார். “உனக்கு மட்டும் சொல்கிறேன். அது பலூன். அந்த விவசாயிகளும் உன் ரீச்சரின் தகப்பனும் கண்டது எங்களுடைய பலூன்தான். விசாரிக்கப் போகும்போதே எங்களுக்குத் தெரியும்.”

ரீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். “இந்த வயதில் அவளுக்கு அது எதற்கு? என் கதையும் கெட்டுப்போகும்” என்றார்.

கதை கெட்டுப்போகுமாம்! அவருடைய நாடியில் இருந்த சோப்பு நுரையைத் துடைத்தபோது என் கை கூசியது. பிறகு போய் நெடுநேரம் கையைக் கழுவினேன். கூட வேலை செய்த மதுரைக்காரத் தாதியிடம் சொல்லிக் கொதித்தேன். “அக்கா, உங்களுக்கு இன்னும் டெம்பரரி விசாதான். கம்ப்ளெயின்ட் போனா வேலை போயிடும். நமக்கெதுக்கு வம்பு?” என்றாள். “ஓம், தெரியும். ஆனால் ரீச்சரின்ர முகத்தைப் பார்க்கேலாமல் கிடக்கு” என்றேன். ரீச்சரிடம் இரகசியமாகச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். “உன்னை நம்புகிறேன். ஆனால் அப்பாவைப் பார்த்துச் சிரித்தது எல்லோருக்கும் முன்னால்” என்றார்.

கமாண்டர் மாரி காலத்தில் இறந்துபோனார். அவருடைய படத்தின்மேல் கொடியைப் போர்த்தி, இல்லத்தில் தேநீர் வைத்தார்கள். நேர்மையான மனிதர் என்று மேலாளர் பேசினார். பிறகு கமாண்டரின் மகன் எழுந்து, அப்பாவைப் போலவே ஒரு கண்ணைச் சுருக்கி, இந்தப் பீரிசை எடுத்துப் பறக்கவிட்டார். அதே ஊளை. அதே சிரிப்பு. ரீச்சர் தேநீரைக் குடிக்காமல் கோப்பையை மேசையில் வைத்துவிட்டார். நான் போய் அந்த மனிதரின் கையிலிருந்து பீரிசை வாங்கினேன்.

“அது பலூன். விமானப்படையின் பலூன். தெரிந்துகொண்டேதான் அதைக் கண்ட விவசாயிகளைக் குடிகாரர் ஆக்கினார்கள். கமாண்டரே என்னிடம் சொன்னவர். ரீச்சரின் அப்பா பொய் சொல்லவில்லை.”

 மேலாளர் என்னை வெளியே வரும்படி கை காட்டினார். என் வேலை போகிறது என்று எனக்குத் தெரிந்தது, போகவும் போனது. இப்போது வேறோர் இடத்தில் துப்புரவு வேலை செய்கிறேன். அந்த நேரத்தில் நான் கதவை நோக்கித் திரும்பியபோது, ரீச்சர் காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டு, வகுப்பில் பேசுகிற குரலில் என்னை நிறுத்தினார்.

“இன்னொரு தடவை சொல்லு.”

பீரிசை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, முதல் தடவையைவிடச் சத்தமாகச் சொன்னேன்.